சாங்ஷனுக்கு முந்திய தெள்ளு

செத்த எலியை வெள்ளை எனாமல் தட்டின்மேல் வாலைப் பிடித்துத் தூக்கி, பேன் சீப்பால் மயிருக்கு எதிராக வாரிக்கொண்டிருந்தன இரண்டு கைகள். நாலு வாரலுக்கு ஒரு தெள்ளுப்பூச்சி விழுந்தது. மெல்லிய இடுக்கி இறங்கி, ஒரு கால்கூட ஒடியாமல் அதைத் தூக்கி ஸ்பிரிட் குப்பிக்குள் விட்டது. அப்புறம் ஒரு கை அரை விரல் அகலச் சீட்டில் தெருவையும் தேதியையும் பென்சிலால் எழுதி அதே குப்பிக்குள் நுழைத்தது. மசியால் எழுதினால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பென்சில் எத்தனை வருஷமானாலும் கரையாது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் நாகூர் மீரான். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் முப்பது வருஷம் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்தவர். எலித் தெள்ளு கடித்துப் பரவும் பிளேக்கை ஆராயும் ஆபீசுக்குப் பூதக்கண்ணாடி வந்து சேரவில்லை. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கடிகாரக் கண்ணாடி இவரிடம் இருந்தது. வேலை கிடைத்ததற்கு அதுதான் காரணம். மீரானும் அதை மறைத்ததில்லை.

அவர் குடியிருந்தது தானிய மண்டிச் சந்து. போன தை மாசம் அங்கே கூரையிலிருந்து எலி செத்து விழ ஆரம்பித்தது. எதிர்வீட்டில் எட்டு நாளில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே சோளக்காட்டில் குடிசை போட்டுக்கொண்டார்கள். மீரானின் மனைவி ரம்லா அங்கிருந்து காய்ச்சலில்லாமல் திரும்பி வந்தாள். இன்னொரு தை மாசத்தைத் தாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் ஆபீசில் இருந்த டாக்டர் நல்ல மனுஷர். பணம் பின்னால் வரும், நீங்கள் எண்ண ஆரம்பியுங்கள் என்று சொல்லி, ஸ்பிரிட்டைத் தன் கைக்காசில் வாங்கித் தந்தார். சந்தில் பிடித்த நாற்பது எலிகளை மீரான் பத்து நாளில் வாரி முடித்தார். எலிக்கு ஏழு தெள்ளு, எட்டுத் தெள்ளு. நாற்பது குப்பி நிறைந்தது. டாக்டரை மாற்றிவிட்டார்கள்.

பணத்துக்கு எழுதியது அதற்கு முந்தின கார்த்திகையில். நாற்காலி எதற்கு நாலு என்று சென்னையிலிருந்து கேள்வி வந்தது. பதில் போயிற்று. மூன்று போதாதா என்று மறு கேள்வி வந்தது. பணத்துக்கான சாங்ஷன் உத்தரவு வந்து சேர்ந்தது மார்ச்சு இருபத்தெட்டாம் தேதி. முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். மூன்று நாளில் நாலு நாற்காலி, தேக்கு அலமாரி, ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் வந்திறங்கின. அந்தக் கடிகாரம் காலையில் முள்ளைத் திருப்பி வைத்தாலும் பகலுக்குள் பத்து நிமிஷம் பின்தங்கிவிடும். மீரான் அதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. ரிப்பேருக்குத் தனி சாங்ஷன் வேண்டும்.

இப்படியாக ஆராய்ச்சி சித்திரை வெயிலில் தொடங்கியது. ஓடு காய்ந்து கிடக்கும் அந்த மாசத்தில் எலியின்மேல் தெள்ளு எங்கே தங்கும்? இரண்டு எலிக்கு ஒன்று கிடைத்தால் பெரிசு. ஒன்றுமே இல்லாத எலிக்கும் சீட்டோடு வெறும் குப்பி ஒன்று வைத்தார் மீரான். பொறி வைத்து எலி பிடிக்கும் வேலன் பையைக் கொண்டுவந்து போடும்போது ஒரு நாள் சொன்னான்:

"எலிக்கெல்லாம் ஆளுக்கொரு சாங்ஷன் சீட்டுக் குடுத்துட்டா தேவலைங்க பாய். தேதி பார்த்து வந்து உழுந்துக்கும்."

மீரானுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷத் திட்டத்தின் நகலை அவர் பார்த்திருந்தார். எலிக்குச் சராசரி மூன்று தெள்ளுக்குக் குறைவாக இருக்கும் தெரு பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பட்டியலில் இல்லாத தெருவுக்கு ஆராய்ச்சி இல்லை, ஊசியும் இல்லை. எண்ணிக்கை எழுதி அனுப்பும் பாரத்தில் தெருவுக்கு ஒரு கட்டம் இருந்தது. எலிக்கும் தெள்ளுக்கும் கட்டம் இருந்தது. மாசத்துக்குக் கட்டம் இல்லை.

வைகாசி முடிகிற சமயம் ஹெட்கிளார்க் அரங்கசாமி அலமாரியைத் திறந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. நோம்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுப்பவர்.

"பாய், அந்தத் தை மாசத்துக் குப்பி நாப்பதையும் கழுவிப்போடுங்க. புதுசு கேட்டு இன்டென்ட் போட்டா ஆறு மாசமாகும்."

"அதுல தெள்ளு இருக்குதுங்களே."

"இருக்கட்டுமுங்க. சாங்ஷனுக்கு முந்திப் புடிச்ச தெள்ளு ஃபைல்ல இல்லை. ஃபைல்ல இல்லாததை நான் எப்படிச் சென்னைக்கு அனுப்பறது?"

"எதுத்தவூட்டுல ரெண்டு பேர் போனதும் தை மாசத்துலதானுங்க. அவிகளும் ஃபைல்ல இல்லீங்களா?"

அரங்கசாமி, பாய்க்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே, நூற்றிரண்டு குப்பி என்று டைப் அடித்த பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

மீரான் குப்பிகளைக் கழுவவில்லை. ஸ்பிரிட் வற்றியிருந்தவற்றை நிரப்பித் தக்கையை இறுக்கினார். பாரம் தெருவாரியாகத்தானே கேட்கிறது. சென்னைக்குப் போகும் மரப்பெட்டியில், தானிய மண்டிச் சந்து வரிசையில் தை மாசத்துக் குப்பிகளை முன்னாலும், சித்திரை வைகாசிக் குப்பிகளைப் பின்னாலும் அடுக்கினார். பாரத்திலும் அந்தத் தெருவின் கட்டத்தில் எல்லா எலிகளையும் எல்லாத் தெள்ளுகளையும் கூட்டி எழுதினார். எந்தக் குப்பியைத் தூக்கினாலும் தேதி உள்ளே தெரியும். வைக்கோல் திணித்து, மூடி போட்டு, நாலு பக்கமும் அரக்கு வைத்தார். மூடிமேல் பென்சிலால் நூற்றி நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

மறுநாள், ஊர் திரும்பப் பகல் ரயிலுக்குப் போகும் வழியில், சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்த டாக்டர் பெட்டியை வாங்கிக்கொள்ள வந்தார். உட்காரவில்லை. பட்டியலையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல நூத்தி ரெண்டுன்னு இருக்கு. அதுல நூத்தி நாப்பத்திரெண்டு. எது சரி?"

அரங்கசாமி வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள்ளிருந்து சாங்ஷன், கார்த்திகை, மாற்றலாகிப் போன டாக்டர் எல்லாம் வெளியே வரவேண்டியிருக்கும். மூடிக்கொண்டார்.

மீரான் சொன்னார்: "மூடிமேல இருக்கறதுதானுங்க சரி. எண்ணிப் பார்க்கோணும்னா தெறக்கறேனுங்க. அரக்கை ஒடைச்சா மறுபடி வெக்கறதுக்கு அரக்கு இல்லீங்க. இன்டென்ட் போடோணும்."

டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது பத்து நிமிஷம் பின்னாலீங்க."

டாக்டர் பதறிப்போய்ப் பேனாவை எடுத்தார். நூற்றிரண்டை அடித்து நூற்றி நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் திறக்கவுமில்லை, என்ன இருக்கிறது என்று கேட்கவுமில்லை. மூன்று மாசம் ஒரு கால் ஒடியாமல் எடுத்து வைத்ததை இப்படிப் பார்க்காமல் வாங்குகிறாரே என்று மீரானுக்குக் கசந்தது. பார்த்திருந்தால் வாங்கியிருக்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினார். "சாய்க்காமக் கொண்டு போங்க ஐயா," என்றார். டாக்டரின் கைகள் அடியில் வந்து பாரத்தைத் தாங்கிக்கொண்டன என்று தெரிந்த பிறகே தன் கைகளை எடுத்தார்.