கற்பூரச்சட்டிக்காகப் போட்ட மாத்திரைகள்

நான் பொய் சொன்னேன். பெற்ற மகளின் முகத்தைப் பார்த்து, மருத்துவரின் முன்னால், நாக்குத் தடுமாறாமல் சொன்னேன். நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்!

அபிக்கு வயது இருபத்தொன்பது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. மூன்று மாதத்தில் நெஞ்சைத் திறந்தார்கள். அந்தத் தழும்பு தெரியாதபடிதான் இன்றும் சட்டை வாங்குகிறாள்.

திருமணமாகி இரண்டு வருடமாகியும் பிள்ளை பெறப் பயந்தாள். தன் குறை பிள்ளைக்கும் போகுமோ என்று கேட்கத்தான், மரபணு பார்க்கும் மருத்துவரிடம் என்னையும் அவளுடைய அப்பாவையும் அழைத்துப் போனாள். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, நான் வயித்தில இருக்கேக்க ஏதும் மாத்திரை போட்டனீங்களோ? ஹோர்மோன் மாதிரி?"

"இல்லைப் பிள்ளை. இரும்புச்சத்து மட்டும்தான்."

இரும்புச்சத்து... அதை எவ்வளவு இயல்பாகச் சேர்த்தேன்!

உண்மை இதுதான். கலியாணமாகி ஐந்து வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கோயில் தேரன்று தலையில் கற்பூரச்சட்டி எடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்தேன். நாட்காட்டியைப் பார்த்தால் அந்தக் கிழமையே தீட்டு வருகிற கணக்கு. லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருந்த சிநேகிதி ரஞ்சி, தன்னிடமிருந்த பெட்டியைத் தந்தாள். தீட்டைத் தள்ளிப்போடும் ஹோர்மோன் மாத்திரை.

"டொக்டரிட்டப் போகத் தேவையில்லையக்கா. கோயிலுக்கெண்டு எல்லாரும் போடுறதுதான்."

பத்து நாளோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் லண்டனில் கோடை வந்தால் ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு கோயிலில் தேர். ஒரு கோயிலோடு விட மனம் வரவில்லை. ரஞ்சியிடம் இன்னொரு பெட்டி வாங்கி, ஆறு கிழமை, நாற்பது நாளுக்கு மேல், விழுங்கினேன். தீட்டு வரவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேனே, முட்டாள்! தலையில் நெருப்புச் சட்டியோடு எந்தப் பிள்ளையைக் கேட்டு அழுதேனோ, அந்தப் பிள்ளை அப்போதே வயிற்றில் இருந்தது.

கர்ப்பம் என்று தெரிந்த பிறகுதான், பெட்டிக்குள் மடித்திருந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது. அந்தத் தாளைக் கசக்கி வாழைப்பழத் தோலோடு குப்பையில் போட்டேன்.

மாத்திரைதான் காரணமா? எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்லவா? அவர் கேட்ட ஒரே கேள்விக்கான பதிலை நான் பூட்டி வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அபியை எங்கள் சொந்தத்தில் எல்லோரும் 'கற்பூரச்சட்டி எடுத்துப் பெத்த பிள்ளை' என்பார்கள். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. வெட்கமாயிருக்கிறது... ஆனாலும் அதுதான் காரணம்.

நான் இல்லை என்றதும் பேச்சு என் கணவரின் பக்கம் திரும்பியது. அவருடைய தம்பி நாலு வயதில், யாழ்ப்பாணத்தில், உதடு நீலம் பாரித்து இறந்துபோனவன். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் பிடிபடவில்லை; அதற்காகக் குறை பரம்பரையில் இல்லை என்றும் உறுதி சொல்ல முடியாதாம்.

அபி பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது என் கணவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்ர ரத்தத்தில வந்த பிழை பிள்ளை. அப்பாவை மன்னிச்சுக்கொள்."

"விடுங்கோ அப்பா. நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லைத்தானே?"

நான் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றேன். மாத்திரை போட்ட அன்று எனக்கும் தெரியாதுதான்... ஆனால் இன்று? தெரிந்தே நிற்கிறேன். வாயைத் திறந்தேன். சீனி போதுமா என்று கேட்டேன்!

இந்த ஆவணியில் அவர் காவடி எடுக்கப் போகிறார். அறுபத்துமூன்று வயதில், முதுகில் செடில் கொக்கிகள் குத்தி.

"எங்கட பக்கத்துப் பிழை. நான்தான் எடுக்கவேணும்" என்கிறார்.

தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வரச் சொல்லியிருக்கிறார். ஓம், வாறன் என்றிருக்கிறேன்.