முதுகுக்குப் பின்னால் ஆட்டம்

சென்னையில் ஆசிய நாடுகளின் ஆண்கள் ஹாக்கிப் போட்டி. எனக்கு அங்கே செக்யூரிட்டி வேலை. கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும், மைதானத்தின் பக்கம் திரும்பவே கூடாது என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு நேர் பின்னால் கோல். பந்து அதன் பலகையில் ‘டொக்’கென்று மோதியது.

பதினான்கு வயதில் கேட்ட அதே சத்தம். மரக்காணத்தில் எங்கள் பள்ளி மைதானத்தை ஒட்டியே உப்பளம். அன்று அந்த மைதானத்தில் மாவட்ட ஹாக்கி அணிக்குப் பெண்களைத் தேர்வு செய்தார்கள். பி.டி. சார் என் பெயரையும் எழுதியிருந்தார். ஆனால் வானம் கறுத்திருந்தது. மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். அப்பா என் கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்தார்.

“போயிட்டு ஓடியாந்துடறேம்பா.”

“உனக்காக உப்பு நிக்குமா? வாரு. அந்தப் பக்கம் திரும்பாத, பலகை சாஞ்சிடும்.”

உப்புத் தண்ணீர் கால் வெடிப்பில் எரிந்தது. முதுகுக்குப் பின்னால் மட்டைகளின் ‘டொக்’ சத்தம் ஓயவில்லை. திடீரென்று யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன். பலகை சாய்ந்து அடிச்சேற்றைக் கிளறியது. வெள்ளை உப்பில் ஒரு முழத்துக்குக் கறுப்பு.

அப்பா திட்டவில்லை. கறுத்ததைத் தன் கையாலேயே அள்ளி வரப்பில் கொட்டினார். அன்று மழை வரவேயில்லை.

சென்னையில் ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா போன் செய்தார்.

“டிவில உன்ன காட்டினாங்கம்மா. கோல் விழுந்து எல்லாரும் எழுந்து குதிக்கிறாங்க, நீ ஒரு தடவகூட திரும்பல,” என்றார் பெருமையாக.

“அந்த கோல எப்படிப்பா அடிச்சாங்க?” என்று கேட்டேன்.