ஐந்தாம் நாள் தட்டு

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவரைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். நோயாளிகளின் சீழையும் சளியையும் கிருமிக்குத் தீனி பூசிய கண்ணாடித் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டியில் வைத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பது அவர் வேலை. "எனக்கு ஆறிப்போன சாப்பாடு, கிருமிக்கு மட்டும் விருந்தா" என்று அவர் வீட்டுக்காரர் கேலி செய்வார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர்.

அந்த மனிதருக்கே விபத்தில் கால் உடைந்து, கம்பி வைத்த இடத்தில் கிருமி புகுந்தது. இரண்டு மாதம் ஊசி போட்டபின் எடுத்த சீழ் அக்கா கைக்கே வந்தது. இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தட்டைத் தூக்கிப் போடுவது எங்கள் பாழாய்ப்போன வழக்கம். அக்காவும் சந்தோஷமாக எழுதினார். மருந்தை நிறுத்தி, அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் கால் மறுபடி வீங்கியது.

மருந்து, வேகமாக வளரும் கிருமியைத்தான் நன்றாக அடிக்கும். அதனால் சில கிருமிகள் வளர்ச்சியையே குறைத்துக்கொண்டு எலும்புக்குள் கமுக்கமாகக் கிடக்கும். மருந்து நின்றதும் பெருகி வேலையைக் காட்டும். தட்டிலும் அவை மெதுவாகத்தான் முளைக்கும். அக்காவுக்கு இது தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இப்போது வீட்டுக்காரர் மறுபடி மருந்தேற்றிக்கொண்டு, இரண்டு கட்டிடம் தள்ளி வார்டில் இருந்தார். பார்க்க ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். வீட்டில் அக்கா கட்டிலின் ஓரத்திலேயே படுப்பாராம். காலையில் கை தானாக இரண்டு டம்ளர் காபி போடுமாம். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ஆறு வாரம் கழித்து அடுத்த தட்டு. இரண்டாம் நாள் சுத்தமாக இருந்தது. எழுதிவிடச் சொன்னேன். அக்கா தட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். ஐந்தாம் நாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லேன்."

ஊசிமுனை அளவில் மூன்று புள்ளிகள். அக்கா 'வளர்ச்சி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று வார்டுக்கு நானும் அக்கா கூடப் போனேன்.

"இன்னும் ஆறு வாரம் இருக்கணுங்க. மருந்தை மாத்துவாங்க" என்றார் அக்கா.

"தட்டை யாரு பாத்தது?"

"நான்தான்."

தவறிப்போன முதல் தட்டைப் பார்த்தவரும் அக்காதான் என்பது அவருக்குத் தெரியும்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் காலையிலும் அக்கா இரண்டு டம்ளர் காபிதான் போட்டாராம்.