தேநீர் கொண்டுவந்த அக்கா

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் இருந்துவிட்டால், மொரீஷியசில் அந்த வீட்டுக்குள்ளேயே இரண்டு சாதி உண்டாகிவிடும். பெல் ஒம்ப்ர் கரும்புத் தோட்டத்துத் தச்சர் ழான்-மரி ஐயாசாமியின் வீட்டில் அப்படித்தான் உண்டாயிற்று. அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர். தகப்பன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். சாமி மாறியது, தோல் மாறவில்லை. மூத்தவள் ஜெனெவியேவ் அந்தத் தோலோடு பிறந்தாள். ஐந்து வருடம் கழித்து வந்த ரெமி, கலப்பினக் கிரியோல்காரியான தாயின் வெளுப்பைக் கொண்டு வந்தான். அவனைக் கையில் வாங்கியவர்களெல்லாம் தாயைப் பாராட்டினார்கள், ஏதோ இம்முறை அவள் சமையலில் பக்குவம் தவறவில்லை என்பதுபோல.

தாய் கெட்டவள் அல்ல. மகளின் கழுத்தில் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்ததும் அன்பால்தான். நற்கருணைப் பவனியில் பூத்தூவ, சிறகு கட்டிய சம்மனசு, அதாவது தேவதூதர், வேடத்துக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும்போது ஜெனெவியேவ் ஒவ்வொரு வருடமும் முன்வரிசையில் போய் நிற்பாள். கன்னியாஸ்திரி அவள் தலையைத் தடவிக்கொடுத்துப் பின்வரிசைக்கு அனுப்புவாள். மனிதரையெல்லாம் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்று பிரசங்கம் செய்த அதே கோயில் அது. கறுத்த சம்மனசைக் கடவுளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற வயது அவளுக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் தோட்டங்களில் கலகம் மூண்டு, கூலி கேட்டவர்கள் சுடப்பட்ட வருடம் அவளுக்கு எட்டு வயது.

பெரியவளானதும் கியூர்ப்பிப் நகரத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் பின்கட்டில் தையல் வேலை கிடைத்தது. அவள் தைத்த கவுன்களைப் போட்டுக்கொண்டு வெளுத்த பெண்கள் நின்ற படம் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பத்திரிகையில் வரும். தையல்காரிகள் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவார்கள். சுவரில் இருந்த பெண்களில் ஒருத்திக்கும் அந்த அறையில் இருந்த எவருடைய நிறமும் இல்லை.

தம்பிக்கு அதே கடையில் வேலை வாங்கித் தந்தவள் அவள்தான். அவனை முதலாளி ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவுதான், முன்பக்கத்தில் வாடிக்கையாளர் எதிரே நிறுத்திவிட்டார். முதல் நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது ரெமி தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"கடைக்குள்ள நாம தெரிஞ்சவங்க மாதிரி காட்டிக்க வேணாம்க்கா. முதலாளிக்கு ஒருமாதிரி இருக்கும்."

அவள் சிரித்தாள். வேலைதானே முக்கியம் என்றாள். பிறகு பல வருடங்கள் அக்காளும் தம்பியும் ஒரே பேருந்தில் போய், ஒரே வாசலில் பிரிந்து, மாலையில் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

கலியாணப் பேச்சும் வராமல் இல்லை. கிரியோல் வீடுகள் அவளை மலபார்க்காரி, அதாவது இந்தியக்காரி, என்றன. இந்துவாகவே இருந்துவிட்ட ஐயாசாமி உறவினர்கள் அவளைக் கிரியோல்காரி என்றார்கள். கன்னங்கரிய காளிக்குக் கற்பூரம் காட்டுகிறவர்களும் வெள்ளைவெளேரென்ற மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் மனமொத்துப் போன ஒரே விஷயம், இந்தப் பெண் நிறம் போதாது என்பது. பேச்சு வருவது நின்றது. அவளும் எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ரெமி, ஷான்தால் என்ற வெளுத்த பெண்ணைக் கட்டினான். அக்காளையும் சேர்த்துக்கொண்டு வக்குவா ஊரில் வாடகை வீடு பிடித்தார்கள். ஜோஸ்லீன், ஜாக்லின் என்று இரண்டு பெண்கள். ஷான்தால் நோஞ்சான். ஆகவே பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் பேன் பார்த்ததும் காய்ச்சலுக்குக் கண்விழித்ததும் ஜெனெவியேவ்தான். கிரியோல் மொழியில் அத்தையைத் 'தாந்தின்' என்பார்கள். சின்னவள் ஜாக்லின் 'மம்மா' சொல்வதற்கு முன்பே 'தாந்தின்' சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எந்தக் கடை வாசலிலும் யாரோ போலப் பிரிந்து போகத் தயாராக இருந்தாள்.

அறுபத்தேழில் சுதந்திரப் பேச்சு சூடுபிடித்தது. மலபார்கள் ஆட்சிக்கு வந்தால் கிறிஸ்தவர்கள் கதி அதோகதி என்று ஒரு கூட்டம் பத்திரிகைகளில் எழுதித் தள்ளிற்று. ஒரு பத்திரிகை, கோவணம் கட்டிய கறுத்த ஆள் ஒருவன் கவர்னர் நாற்காலியில் குந்தியிருப்பதாகக் கேலிப்படம் போட்டது. ஷான்தால் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெனெவியேவ் வெகுநேரம் பார்த்தாள். அவள் அப்பாவுக்கும் அதே தாடை, அதே முழங்கால்.

ஊரில் பாதி கிரியோல்கள் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டினார்கள். ரெமியும் மனுப் போட்டான். அந்த நாட்டு விளம்பரப் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வந்தது. அட்டையில் கடற்கரை, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். நாய்க்கு இடம் இருந்தது. அத்தைக்கு இல்லை.

அந்த நாட்டார் தோலைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்பது வக்குவாச் சந்தையில் கீரை விற்கிறவளுக்கும் தெரியும். மனுவோடு வைக்கக் குடும்பப் படம் எடுக்கப் போனபோது ஷான்தால் நாத்தனாருக்கு அரிசிப்பவுடரை அள்ளி அப்பினாள். படக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, சாம்பலில் புரண்ட பூனை மாதிரி இருக்கிறது, அந்த அம்மா சற்றே தள்ளி நின்றால் தேவலை என்றார். படத்துக்குள் வராதபடி தள்ளி நின்றாள். படம் நன்றாக வந்தது.

நாங்கள் முதலில் போய்ச் சேர்கிறோம், பிறகு உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ரெமி சத்தியம் செய்தான். அவள் நம்பினாள். பிள்ளைகள் போகிற இடத்துக்குத் தானும் போகலாம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

பிறகு, ஆஸ்திரேலிய அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. ஷான்தால் இரண்டு நாள் யோசித்துவிட்டு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளுத்த குடும்பத்துக்குக் கறுத்த வேலைக்காரி இருப்பது இந்த ஊரில் வழக்கம்தானே, அன்று ஒருநாள் ஏப்ரன் கட்டிக்கொண்டு தேநீர் கொண்டுவந்தால் போதும், கௌரவமாகக்கூட இருக்கும் என்றாள். பிள்ளைகளுக்கு 'நெனென்' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயாவைக் கூப்பிடும் சொல் அது. ஒன்பது வயது ஜோஸ்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கற்றுக்கொண்டாள். நாலு வயது ஜாக்லினுக்கு அது புது விளையாட்டு.

அதிகாரி நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வீட்டையும் ஆட்களையும் நிதானமாகப் பார்த்தார். ஜெனெவியேவ் தட்டோடு உள்ளே வந்தபோது அவர் ரெமியிடம் ஆங்கிலத்தில் உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அளவு ஆங்கிலம் அவளுக்கும் புரியும்.

"யாரும் இல்லீங்க. நான் ஒரே பிள்ளை" என்றான் ரெமி.

கதைகளில் இந்த இடத்தில் கோப்பை கைநழுவி விழும். இங்கே விழவில்லை. அவள் ஊற்றினாள், சர்க்கரை எத்தனை என்று சைகையால் கேட்டாள், போட்டாள். அங்கே போனால் இப்படி ஆயா கிடைக்கமாட்டாள் என்று அதிகாரி வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் போனபிறகு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஒரே பிள்ளைன்னு சொல்லிட்ட. நாளைக்கு அக்கான்னு யாரைக் கூப்பிடுவ, ரெமி?"

 இல்லை என்று சொல்லிவிட்ட அக்காளை எப்படி அங்கே கூப்பிட்டுக்கொள்வது என்பது அதுவரை ரெமிக்கு உறைக்கவே இல்லை. அதுதான் கொடுமை. யோசித்துச் செய்த துரோகமாக இருந்தால் சண்டையாவது போடலாம். கடை வாசலில் தினமும் செய்து பழகியதை அவன் நாக்கு தானாகவே செய்துவிட்டது.

"வாயில வந்துடுச்சுக்கா" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள்.

அனுமதி வந்தது. ஷான்தால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கப்பல் நாள் நெருங்க நெருங்க இன்னொரு சங்கடம் முளைத்தது. ஒரே கப்பலில் போகிற, பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம், டாக்சியைப் பங்குபோட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. அந்த அதிகாரிக்கு அவர்கள் பழக்கம். போர்ட் லூயிஸ் துறைமுகத்திலும் அதிகாரி இருக்கலாம். ஆகவே வழியனுப்ப வரும்போதும் அந்த ஏப்ரன் இருந்தால் நல்லது என்று ஷான்தால் மென்று விழுங்கிச் சொன்னாள்.

"அக்காவா வரச் சொன்னா வரேன். நெனெனா வரமாட்டேன்" என்றாள் ஜெனெவியேவ். அவள் குரல் உயரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

ஷான்தால் அழுதாள். ரெமி சுவரைப் பார்த்தபடி, அப்படியானால் வீட்டிலேயே விடைபெற்றுக்கொள்ளலாம் என்றான்.

டாக்சி வந்த காலை ஜோஸ்லீன் அத்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், பிறகு ஓடிப்போய் ஏறிவிட்டாள். ஜாக்லின் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு முத்தம் கொடுத்தாள்.

"போயிட்டு வரேன், நெனென்."

அதிகாரி வந்துபோய் மாதங்கள் ஆகியும் அந்தச் சொல் குழந்தையின் நாக்கைவிட்டுப் போகவில்லை. ஜெனெவியேவ் அவள் எதிரே மண்டியிட்டாள்.

"தாந்தின்னு சொல்லு கண்ணு. ஒரு தடவை."

ஜாக்லின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ரெமி கையில் பெட்டியோடு நின்றான். வாசலில் டாக்சியின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பக்கத்துத் தெரு அம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு" என்றான்.

ஜெனெவியேவ் குழந்தையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவள் தைத்த கவுன்தான். பிறகு எழுந்து, கைப்பிடித்து டாக்சிவரை கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டாள். அந்த அம்மாள் இரக்கத்தோடு சிரித்து, வேறு நல்ல வீடு கிடைக்கும், கவலைப்படாதே என்றாள். ரெமி பெட்டியை டாக்சிக்குள் வைத்துவிட்டு ஏறிக்கொண்டான்.

வண்டி திரும்பிய பிறகு ஜெனெவியேவ் உள்ளே போய் வேலைக்குப் போகும் கவுனுக்கு மாறிக்கொண்டாள். கடை திறக்கும் நேரம் யாருக்காகவும் தள்ளிப்போகாது. பேருந்தில் அவளுக்குப் பக்கத்தில், ரெமி வழக்கமாக உட்காரும் இடத்தில், யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்தார்.