ஓதின தண்ணீரும் என் ஆய்வுச் செடியும்

கம்பஸிலிருந்து எங்களை மழைக்காட்டுக்குக் கூட்டிப்போனபோது, வழிகாட்டி ஒரு குடுவைச் செடிக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். விழுகிற பூச்சிகளைக் கரைத்துக் குடிக்கிற அந்த நீருக்குள்ளேயே சில புழுக்கள் சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தன. கொல்கிற தண்ணீரில் குடித்தனம். இறுதியாண்டு ஆய்வுக்கு இதுதான் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

குடுவைச் செடியைப் பிடுங்கி வர முடியாது. எங்கள் கல்முனை உப்புக்காற்றில் அது நிற்கவும் நிற்காது. பதிலுக்குப் பூக்கன்றுக் கடையில் அன்னாசிக் குடும்பத்துச் செடி ஒன்று வாங்கினேன். அதுவும் எங்கோ ஒரு மழைக்காட்டுச் சாதிதான். இலைகள் நடுவில் கிண்ணமாகக் கூடித் தண்ணீர் பிடித்து வைக்கும். கோழிக்கும் பூனைக்கும் எட்டாமல் மதிலின்மேல் வைத்தேன். புழு தெரிந்ததும், நுளம்பாகிப் பறந்துவிடாதபடி வலை கட்டினேன். பன்னிரண்டு வாரம் விடாமல் எண்ணி எழுத வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் கட்டளை.

ஐந்தாவது வாரம் கிண்ணத்தில் ஓர் உயிரும் இல்லை. குடிக்கலாம்போலத் தெளிந்த தண்ணீர். வெயிலைத் திட்டினேன், காகத்தைத் திட்டினேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பின்னேரம், உம்மா கையில் ஜக்கோடு மதிலடியில் நிற்கிறார். வலைக்கு மேலால் ஊற்றுகிறார்.

"என்ன செய்றீங்க உம்மா?"

"ராத்தாட புள்ளைக்கு பள்ளி லெப்பை குர்ஆன் ஓதித் தந்த தண்ணி. மிச்சம் கிடந்திச்சி."

"அதுக்கு என்ட செடிதானா கிடைச்ச?"

"ஓதின தண்ணிய கால் படுற இடத்துல ஊத்தப்படாது மகள். இதுதான் உசரத்துல இரிக்கி. நீதானே வெச்ச?"

நான்தான் வைத்தேன்.

"மாமரத்தடில ஊத்துங்களன்."

"அங்க கோழி மேயுது."

"அந்தக் கிண்ணத்துக்குள்ள உசிர் இரிந்திச்சி உம்மா. எல்லாம் வழிஞ்சி போயிட்டு."

"உசிருக்கு ஓதின தண்ணி கெடுதியா?"

வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த, எனக்கு மூத்தவளான ராத்தா சொன்னாள்: "என்ட புள்ளதான் தூங்குதில்ல, உன்ட புழுவாவது தூங்கட்டும்."

பிள்ளை தூங்கும்வரை தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். ஆய்வைக் கொடுக்க ஒன்பது வாரம்தான் மீதி. பன்னிரண்டு என்பது இனிக் கனவு. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்: வெள்ளம் அடித்துப் போன கிண்ணத்துக்கு யார் முதலில் திரும்பி வருகிறார்கள், எத்தனை நாளில்?

நாளைக்கு அதே அளவில் இன்னொரு செடி வாங்கி, பக்கத்தில் வைத்து, மேலே மட்டும் கண்ணாடி போடப்போகிறேன்; நுளம்பு வரலாம், ஓதின தண்ணீர் விழாது. வலையைக் கழற்றிய பழையது உம்மாவுக்கு. ஊற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்; முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.