வாலுக்குள் போனவளும் கையெழுத்துப் போட்டவரும்

பழைய விமானத்தின் தகட்டில் அரிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் ஒரு பிழைப்புதான். அந்தப் பிழைப்பில் அநியாயத்துக்கு ஆளானவள் நான். வாலுக்குள் ஊர்ந்துபோய்ப் பார்த்தவள் நான். ‘அரிப்பு இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவர், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த என் புரொபசர். புரொபசரிடம் மாட்டிய மாணவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்போது நான் எம்.இ. இரண்டாம் வருடம். லப்பைக்குடிகாட்டு ஹாஜியார் ஒருவர், துபாயில் சம்பாதித்ததை வைத்து விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க நினைத்தார். முதல் மாணவி அவர் மகள் நஸ்ரின். அவள் ஓட்டுவதற்காக இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். அது அரியலூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டரின் குடோனில், இறக்கை கழற்றிக் கிடந்தது. அந்தக் கான்ட்ராக்டர் எங்கள் கல்லூரித் தாளாளருக்கு மச்சான். பரிசோதிக்கும் வேலை புரொபசருக்கு வந்தது. அவர் வழியாக எனக்கு.

இட்லிப் பானை

“துருவா? அலுமினியத்துலயா?” என்று கான்ட்ராக்டர் சிரித்தார். இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, பாட்டரி முனையில் பூக்கிற மாதிரி வெள்ளையாகப் பூக்கும், ஏடு ஏடாகப் பிரிந்துபோகும் என்று விளக்கினேன். விமானத்தை ஒட்டியே சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்தத் தூசியும் ஈரமும் சேர்ந்தாலே போதும், தகட்டைத் தின்றுவிடும் என்றேன்.

“ஏம்மா, எங்க வூட்டு இட்லிப் பானையும் அலுமினியந்தான். தெனமும் ஆவியில வேவுது. அதுக்கு வராத கேடு இதுக்கு வந்துருமா?”

“இட்லிப் பானை வானத்துல பறக்காதுங்களே!”

அவர் என்னை விட்டுவிட்டுப் புரொபசர் பக்கம் திரும்பினார். “சார், இத பட்டிமன்றத்துக்கு அனுப்புங்க. ப்ளேன் பாக்க எதுக்குக் கூட்டியாந்தீங்க?”

புதுப் பெயிண்ட்

பெயிண்ட் அடித்து நாலு நாள்கூட ஆகியிருக்காது, வாசனையே போகவில்லை. விற்கிற விமானத்தில் புதுப் பெயிண்ட் பளபளத்தால் அங்கேதான் முதலில் கையை வைக்க வேண்டும். ரிவெட் ஆணி வரிசை நெடுக அம்மைக் கொப்புளம் மாதிரி மேடு மேடாக இருந்தது. ஒன்றை நகத்தால் நிமிண்டினேன். பெயிண்ட் உரிந்து வெள்ளைத் தூள் கொட்டியது. அரிப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள்!

“சார், வந்து பாருங்க சார்!” என்று கத்தினேன். சார் எழுந்திருக்கவில்லை. கான்ட்ராக்டர்தான் ஓடிவந்தார். “கை வைக்காதம்மா, பெயிண்டு உரியுதுல்ல!”

திருஷ்டி மூட்டை

சீட்டுக்குப் பின்னாலிருந்த தடுப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சோடு வாலுக்குள் ஊர்ந்தேன். கடைசியில், தகட்டை ஒட்டி ஒரு சிவப்புத் துணி மூட்டை. உள்ளே படிகாரமும் கல் உப்பும்! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, பழசை அவிழ்க்காமல் அதன் மேலேயே புதுசாகக் கட்டியிருந்தார்கள். மழைக்கு மழை உப்பு கசிந்து தகடெல்லாம் ஓடியிருந்தது. பேனாவை வைத்து அழுத்தினேன். முனை அந்தப் பக்கம் போய்விட்டது. சுக்கானை இழுக்கும் கம்பி போகிற இடம் அது. வானத்தில் அது பிய்ந்தால் நஸ்ரின் எதைப் பிடித்துத் திருப்புவாள்?

மூட்டையை அவிழ்க்கப் போகிறேன் என்று உள்ளிருந்தே சொன்னேன். “பொம்பளப் புள்ள அத தொடக் கூடாது. இரு, நான் வரேன்” என்றார் கான்ட்ராக்டர். வந்தார். தொந்தி தடுப்பிலேயே நின்றுவிட்டது. நானே அவிழ்த்தேன்; ஒட்டியிருந்த தகட்டில் ஒரு துண்டும் கூடவே வந்தது. வெளியே வந்ததும் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“யாரு கண்ணும் படக் கூடாதுன்னுதானே கட்டி வச்சேன். கடைசியில ஒங் கண்ணு பட்டுருச்சே!”

ஒரே வரி

மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். புரொபசர் அதை டிராயருக்குள் போட்டார். ஹாஜியாருக்குப் போனது ஒரே வரி: ‘குறிப்பிடத்தக்க அரிப்பு இல்லை.’ அந்தப் பொண்ணு உட்காரப் போற ப்ளேன் சார் என்றேன். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

“உனக்கு வைவா இன்னும் முடியல. ஞாபகம் இருக்கட்டும்.”

லப்பைக்குடிகாடு

ஞாபகம் இருந்தது. இருந்தும் மறுநாள் காலை பெரம்பலூரில் பஸ் ஏறி ஹாஜியார் வீட்டுக்குப் போய்விட்டேன். ஹாஜியார் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “கையெழுத்துப் போட்டவரு பெரிய படிப்புப் படிச்சவரு. நீ இன்னும் படிக்கிற புள்ளதானேம்மா” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பையைத் திறந்து, மூட்டையோடு பிய்ந்து வந்த அந்தத் தகட்டுத் துண்டை மேஜைமேல் வைத்தேன்.

விரலால் தேய்த்துப் பார்த்தார், அப்பளமாக நொறுங்கியது. விரலைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துக் கான்ட்ராக்டரிடம் “வேணாம்ங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பின்னால் நின்று எட்டிப் பார்த்த நஸ்ரின் கேட்டாள்: “ஏன் அத்தா, உப்புக்கண்டம் போட்ட ப்ளேனையா எனக்கு வாங்கப் பாத்தீங்க?”

பதில்

என் வைவாவை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். எப்படியோ முடித்து, சான்றிதழ் கைக்கு வந்த அன்று நேரே புரொபசர் அறைக்குப் போனேன். அரிப்பு எங்கெங்கே பிடிக்கும் என்று பாடப் புத்தகத்தில் பெரிய பட்டியலே உண்டு. அதில் நாற்காலியைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

“அன்னைக்கு ஒரு தடவையாவது எழுந்து வந்து உள்ள எட்டிப் பாத்திருக்கலாமே, ஏன் சார் பாக்கல?” என்று கேட்டேன். இதற்குமுன் எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றுதான் பதில் சொன்னார்.

“பாத்திருந்தா கையெழுத்துப் போட முடியாதேம்மா.”