ஊட்டாத கை

வாப்பா உசனார் சாப்பிடும்போது றிஸ்லான் எதிரே உட்கார்ந்து, தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொள்வான். பெருவிரல் நாடியின் மேல் அழுந்தியிருக்கும். பாரிசவாதத்தில் விழுந்த வலது கையால் அவர் கரண்டியைத் தூக்குவார். பாதி வழியில் சோறு சாரத்தில் கொட்டும். அப்போது றிஸ்லானின் பிடி இன்னும் இறுகி, விரல் நுனிகள் வெளுத்துப்போகும். பக்கத்து வீட்டுக்காரனான நான் வாசலில் நின்று பலமுறை இதைப் பார்த்திருக்கிறேன்.

ஏறாவூரில் எங்கள் ஒழுங்கையில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. உசனாரின் தங்கை ஸைனம்பு ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"ஏன்டா, நெஞ்ச ஜப்பான்ல கழட்டி வெச்சிட்டா வந்தாய்? ஒரு வாய் தீத்திவிட்டா ஒன்ட கை தேஞ்சிருமா?"

"தீத்தினா வாப்பாட கை செத்திரும் மாமி."

"அவரிட்டக் கேட்டியா?"

"கேட்டா தீத்தத்தான் சொல்லுவார்."

உசனார் கோணிய வாயால் சிரித்தார். "உடு தங்கச்சி. டொக்டர் ஐயாக்குக் கோவம் வந்தா ஊசி போட்டிருவார்."

றிஸ்லான் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் வாவிக்கரையில் அவனாகவே என்னிடம் சொன்னான்.

முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கென்று ஜப்பானில் பனி கொட்டும் ஊரொன்றுக்குப் போயிருந்தான். அந்த இல்லத்தில் மொரிதா என்றொரு கிழவர் இருந்தார். கை நடுங்கும். ஒரு மணித்தியாலம் ஆனாலும் அவரே சாப்பிட வேண்டும், யாரும் ஊட்டக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"எங்கட ஊர்ல நாய்க்கும் இப்பிடிச் செய்ய மாட்டம் எண்டு நெனச்சன் மச்சான். ஆரும் பாக்காத நேரம் நான் தீத்தினன். ரெண்டு மாசம்."

தானாகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மொரிதாவை மனைவியிடம் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அந்த நாளில் கரண்டி அவர் விரலில் நிற்கவேயில்லை. அவர் வீட்டுக்குப் போகவில்லை. பொறுப்பாக இருந்த பெண் றிஸ்லானை ஏசவில்லை. "அவரிடம் கேட்டுத்தான் செய்தாயா?" என்று மட்டும் கேட்டாளாம்.

"நம்மட அன்பு எல்லா ஊருக்கும் அன்பெண்டு நெனச்சிட்டன்."

அந்தப் பெண் கேட்டதும் மாமி கேட்டதும் ஒன்றுதானே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதத்தில் உசனார் தடி ஊன்றிக் கிணற்றடிவரை நடந்தார். றிஸ்லானுக்குப் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை கிடைத்தது. காலையில் சோற்றை மூடி, பக்கத்தில் கரண்டியையும் வைத்துவிட்டு பஸ் ஏறுவான். பின்னேரம் வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

"பாத்தியா மச்சான், பீங்கான்ல ஒரு பருக்கை இல்ல. எல்லாம் அவர்ர கைதான்."

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாம் முறை வாதம் வந்தபோது உசனார் தப்பவில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டுகையில் றிஸ்லான் அந்த வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்தி, விரல் விரலாகக் கழுவினான். கழுவி முடித்தும் விடவில்லை. தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. "கையாவது சரிவந்திச்சி, இல்லயா?" என்று என்னிடம் கேட்பான். ஓம் என்பேன்.

நாற்பதாம் நாள் கத்தத்தன்று ஸைனம்பு மாமியோடு பீங்கான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"உசனார் காக்கா அந்தச் சோத்த ஒருநாளும் தனியத் தின்னல்ல தம்பி. அவன் பஸ் ஏறினா, மத்தியானம் வேலிப் பொட்டால நுழஞ்சு எங்கூட்டுக்கு வந்திருவார். வந்து குந்தி, சின்னப்புள்ள மாதிரி வாயத் தொறப்பார். நான்தான் தீத்துவன். றிஸ்லானுக்குச் சொன்னா அவன்ட மனசு ஒடஞ்சிரும், சொல்லாத எண்டு சத்தியம் வாங்கினார்."

இடது கையில் தடி. சோற்றுப் பீங்கானை வலது கையில்தான் கொண்டுவருவாராம், ஒரு பருக்கையும் சிந்தாமல்.